செய்ததைச் சொல்லத் தெரிய வேண்டாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

கல்லூரிக் கல்வியில் மூன்று வகைத் தேர்வுகளை நாம் சந்திக்கிறோம். ஒன்று எழுத்துத் தேர்வு. அதற்குப் பாடம் நடத்துகிறார்கள். மாதிரி வினாத்தாள் தருகிறார்கள். இரண்டாவது செய்முறைத் தேர்வு. அதற்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. வாரந்தோறும் பயிற்சி இருக்கிறது. ரெக்கார்டு நோட்டும் அதில் ஆசிரியரின் கையெழுத்தும் இருக்கின்றன. மூன்றாவது, எழுந்து நின்று பேசும் தேர்வு. செமினார், இறுதியாண்டு புராஜெக்ட் விளக்கம், வைவா, பிற்பாடு வேலைக்கான நேர்காணல் என்று அது பல பெயர்களில் வருகிறது. இந்த மூன்றாவது தேர்வுக்குப் பாடமும் இல்லை, பயிற்சியும் இல்லை. மதிப்பெண் மட்டும் உண்டு. கற்பிக்காத ஒன்றுக்கு மதிப்பெண் போடுவது எவ்வகையில் நியாயம்? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். மேடை ஏறிப் பேசிய தந்தையையோ, கூட்டத்தில் கேள்வி கேட்ட தாயையோ கண்டு வளர்ந்தவர்கள் அல்லர். சோல்டரிங் அயர்ன் பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறோம். மல்டிமீட்டரில் அளவெடுக்கச் சொன்னால் எடுக்கிறோம். ‘செய்ததைச் சொல்’ என்றால் மட்டும் நா வறண்டு போகிறது. இதனால் இழப்பது ஐந்து பத்து மதிப்பெண்ணை மட்டுமா? உழைத்தவன் ஒருவனாகவும், பெயர் பெறுபவன் வேறொருவனாகவும் ஆகிவிடும் அவலம் அங்கே நேர்கிறது.

பேச்சு பிறவிக் கொடையா?

‘பேசுவது பிறவியிலேயே வர வேண்டும், எல்லோருக்கும் வாய்க்காது’ என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இதை நான் ஏற்கவில்லை. நம் முன்னோரும் ஏற்கவில்லை. திருவள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் என மூன்று அதிகாரங்கள் வகுத்தார். மூன்றையும் அமைச்சியலில் வைத்தார். அதாவது பேச்சை அவர் அழகுக்கான அணிகலனாகக் கருதவில்லை. பொறுப்பான பதவியில் இருப்பவன் செய்து தீர வேண்டிய வேலையாகக் கருதினார். அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம் என்ற வரிசையையும் கவனியுங்கள். கேட்பவர் யார் என்று அறிவது முதலில். அஞ்சாமை அதன் பின்னால். ‘பயப்படாதே, பயப்படாதே’ என்று மாணவனை வெறுமனே முதுகில் தட்டிப் பயனில்லை. யாரிடம், எதை, எவ்வளவு நேரம் சொல்லப் போகிறோம் என்று தெரிந்துவிட்டால் பாதி அச்சம் தானே விலகும்.

அறிவியல் உலகிலிருந்தும் ஒரு சான்று காட்டுவேன். மைக்கேல் ஃபாரடேயை நாம் மின்காந்தத் தூண்டல் விதியின் மூலம் அறிவோம். 1791இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அவர். கல்லூரியில் படிக்கவில்லை, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகினார். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அவற்றைத் தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார். இதுவரை எல்லோரும் அறிந்த கதை. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஒரு சொற்பொழிவாளர் எப்படி நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் பேச வேண்டும், கருவிகளை மேசையில் எப்படி வைக்க வேண்டும் என்றெல்லாம் 1813இலேயே தம் நண்பருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார் அந்த இளைஞர். பின்னர் பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடம் பாடமும் கேட்டார். பேசும்போது வேகம் கூடிவிடும் என்பதால், ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைத் தம் கண்ணெதிரே வைக்கச் செய்தார். 1825இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் பல ஆண்டுகள் இளையோருக்கு அறிவியல் விளக்கியவரும் அவரே. ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு வேதியியலையே விளக்கும் ஆற்றல் அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. வேதியியலைக் கற்றதைப் போலவே பேச்சையும் கற்றார். கொல்லர் மகன் கற்றதை நாம் கற்க முடியாதா?

சொல்லும் முறையில் என்ன இருக்கிறது?

‘வேலை நன்றாக இருந்தால் போதாதா? சொல்லும் முறையில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு 1986ஆம் ஆண்டின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

அவ்வாண்டு ஜனவரி 27ஆம் நாள் இரவு. மறுநாள் காலை ஏவுதல். கடுங்குளிர் வரும் என்று வானிலை அறிக்கை. பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்து தந்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்துப் பொறியாளர்கள், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்று அஞ்சினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறைவான குளிரில் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் நாசா அதிகாரிகளிடம் வாதாடினார்கள். அவசரமாகத் தயாரித்த அட்டவணைத் தாள்களையும் அனுப்பினார்கள். வாதம் எடுபடவில்லை. அவர்களுடைய நிறுவனத்து மேலாளர்களே இறுதியில் ஏவுதலுக்கு ஒப்புதல் தந்தார்கள். மறுநாள் ஏவப்பட்ட 73ஆம் நொடியில் ஓடம் சிதறியது. எழுவர் மாண்டனர்.

பின்னர் விசாரணைக் குழு முந்தைய பயணங்கள் அனைத்தையும் ஒன்றாக அடுக்கிப் பார்த்தது. வளையத்தின் வெப்பநிலை 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே வளையத்தில் பழுது. 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் பழுது. ஒரே ஒரு வரைபடம் போதும். பள்ளி மாணவனுக்கும் விளங்கும். ஆனால் அன்றிரவு அனுப்பிய தாள்களில் பழுது ஓரிடத்திலும் வெப்பநிலை வேறிடத்திலும் கிடந்தன. பழுதில்லாத பயணங்கள் கணக்கிலேயே வரவில்லை. குற்றம் அந்தப் பொறியாளர்களுடையது என்று நான் கூற மாட்டேன். எச்சரித்தவர்கள் அவர்கள்தாம், கேட்க மறுத்தவர்கள் மேலே இருந்தவர்கள். எனினும் உண்மை கையில் இருந்தும், அதைப் பிறர் கண்ணுக்குப் புலப்படும்படி வைக்கும் வாய்ப்பு அன்று நழுவிப்போயிற்று.

பிப்ரவரி 11ஆம் நாள், அதே விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் என்ன செய்தார்? அந்த வளையத்தின் ரப்பர்த் துண்டு ஒன்றைச் சிறிய இறுக்கியில் நெரித்து, பனிக்கட்டி போட்ட தண்ணீர் டம்ளரில் அமிழ்த்தினார். சற்று நேரம் கழித்து எடுத்து இறுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு மீளவில்லை. அவ்வளவுதான். நாடே புரிந்துகொண்டது. அடுக்கடுக்கான தாள்களால் ஆகாததை ஒரு டம்ளர் தண்ணீர் செய்துவிட்டது. புராஜெக்ட் செய்யும் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இது.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

சென்ற ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில் நடந்த மாணவர் கண்காட்சிக்கு எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு அண்ணன்மார் மூவர் சென்றனர். உதவிக்கு நாங்கள் இருவர் உடன் சென்றோம். அவர்கள் செய்திருந்தது, மண்ணின் ஈரத்தை அறிந்து தானாகவே தண்ணீர் பாய்ச்சும் கருவி. மண்ணில் இரண்டு கம்பிகள்; ஈரத்துக்கேற்ப மாறும் மின்தடை; அதை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சில்லு; அது இயக்கும் டிரான்சிஸ்டர்; அதன்பின் ரிலே; ரிலேக்குப் பின் மோட்டார். நாங்கள் இருக்கையிலேயே பலமுறை ஓட்டிக் காட்டிய கருவி. ஆனால் நடுவர்கள் முன் அவர்கள் காட்டியது 22 ஸ்லைடுகள். அத்தனையும் ஆங்கிலம்; அத்தனையும் மனப்பாடம். நடுவர் ஒருவர் இடைமறித்து, ரிலேச் சுருளுக்குக் குறுக்கே டயோடு எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தச் சுற்றைத் தம் கையாலேயே அமைத்த அண்ணன் தலைகுனிந்து நின்றார். நடுவர் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பிற்பகலில் அக்கல்லூரியின் ஆய்வக உதவியாளர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். அதே டயோடைத் தொட்டுக்காட்டி, ‘இது எதுக்குத் தம்பி?’ என்றார். அண்ணன் சொன்ன விடை இது: ‘ரிலேவை ஆஃப் பண்ற நேரத்துல அந்தக் காயில் எதிர்ப்பக்கமா பெரிய வோல்டேஜைக் கிளப்பும் சார். அது டிரான்சிஸ்டரைக் கொன்னுடும். டயோடு அந்தக் கரண்டுக்கு வேற வழி காட்டி விடுது. டயோடு போடாம ஓட்டி எங்களுக்கு ரெண்டு டிரான்சிஸ்டர் போயிடுச்சு.’

இதைவிடச் சிறந்த விடையை எந்தப் பாடநூல் தரும்? காலையில் நடுவருக்குக் கிடைக்காத விடை மாலையில் உதவியாளருக்குக் கிடைத்தது. அறிவு அதே அறிவு. ஆள் அதே ஆள். இதில் நான் கண்டது இரண்டு. முதலாவது, அந்த விடையில் வரும் ரிலே, காயில், வோல்டேஜ், டிரான்சிஸ்டர், டயோடு, கரண்ட் அனைத்தும் ஆங்கிலச் சொற்களே. பெயர்ச்சொற்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. கிளப்பும், கொன்னுடும், வழி காட்டும் என்ற நாலைந்து வினைச்சொற்களே இடையில் சுவராக நின்றன. மலையென்று நாம் மலைக்கும் ஆங்கிலம், கிட்டே சென்று பார்த்தால் இவ்வளவு உயரமே. இரண்டாவது, இரண்டு டிரான்சிஸ்டர் போன கதை அந்த 22 ஸ்லைடுகளில் எங்குமே இல்லை. அவர்கள் உண்மையில் கற்றது எதுவோ அதை நீக்கிவிட்டு, நூலில் எவரும் படிக்கக்கூடிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மாணவத் தோழர்களுக்கு

ஆகவே என் துணிபு இது. புராஜெக்ட் விளக்கம் என்பது ஒப்பித்தல் ஆகாது. நம் கை செய்த வேலைக்கு நம் வாய் சொல்லும் சாட்சியம் அது. இந்நாளில் அறிக்கையைப் பிறரிடமிருந்து நகலெடுக்கலாம். ஸ்லைடுகளைக் கணினியே எழுதித் தந்துவிடுகிறது. ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்ற கேள்விக்கு நேருக்கு நேர் நின்று சொல்லும் விடையே, செய்தவர் யார் என்பதைக் காட்டும் உரைகல்லாக எஞ்சியிருக்கிறது.

அச்சாட்சியத்தைச் சொல்வதற்கு எளிய முறை உண்டு. எந்தத் தொல்லையைத் தீர்க்க முனைந்தோம், என்ன செய்தோம், எது தவறிப்போனது, அதை எப்படிச் சரிசெய்தோம், முடிவில் எவ்வளவு கிடைத்தது, இன்னும் என்ன மீதம் இருக்கிறது என்ற வரிசையில் சொன்னால் கேட்பவர் வழி தவற மாட்டார். பத்து நிமிடம் தந்தால் முன்னுரைக்கு ஒரு நிமிடம் போதும். ஸ்லைடில் படமும் எண்ணும் இருக்கட்டும். சொல் நம் வாயில் இருக்கட்டும். வரைபடம் காட்டினால் கிடைக்கோட்டில் என்ன, நெடுக்கோட்டில் என்ன, அலகு என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகே ‘ஆகவே’ என்ற சொல்லை எடுக்க வேண்டும். கருவி இருந்தால் கருவியைக் காட்ட வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்று முந்திய நாளே எண்ணி, ஓடும்போது எடுத்த அளவுகளைத் தாளில் வைத்திருக்க வேண்டும். குழுவாகச் செய்தவர்கள் குழுவாகப் பேச வேண்டும். ஆங்கிலம் தெரிந்த ஒருவர் பேச, செய்த இருவர் தூணாக நிற்பது உழைப்புக்கு நாம் செய்யும் அவமரியாதை.

எல்லாவற்றுக்கும் மேலாக, துறை தெரியாத ஒருவரிடம் முதலில் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘எங்கள் வீட்டில் யாருக்கு இதெல்லாம் புரியும்?’ என்று நாம் ஏங்குகிறோம். அந்த ஏக்கம் தேவையற்றது. கண்காட்சி முடிந்து ஊருக்குச் சென்றபோது அந்தக் கருவியைப் பற்றி என் தந்தையிடம் சொன்னேன். அவர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முழுவதையும் கேட்டுவிட்டு, ‘ஏம்மா, மேல் மண்ணு வெயிலுக்குச் சீக்கிரம் காஞ்சிடும், அடியில ஈரம் இருக்கும். உங்க மிஷின் எந்த மண்ணைப் பாத்துத் தண்ணி விடும்?’ என்றார். மூன்று நடுவர்களும் கேட்காத கேள்வி! அதை நான் அண்ணனிடம் சொன்னேன். கம்பிகளை வேர் இருக்கும் ஆழத்துக்கு இறக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். படிக்காத வீடு நமக்குக் குறை என்று எண்ணியிருந்தோம். சரியாகச் சொல்லத் தெரிந்தால் அவ்வீடே நம் முதல் அவை. முதல் நடுவர் மன்றமும் அதுவே.

பேராசிரியப் பெருமக்களுக்கு

எங்கள் ஆசிரியர்கள் எங்கள் மீது அக்கறை உள்ளவர்கள் என்பதை அறிவேன். அந்த உரிமையில் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாரத்தில் ஒரு மணி நேரத்தை முதலாம் ஆண்டிலிருந்தே இதற்கென ஒதுக்க வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால், வகுப்பில் 50 பேர் இருந்தாலும் ஐந்தாறு வாரங்களில் அனைவரும் ஒருமுறை பேசிவிடலாம். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியாக மொழித்திறன் பயிற்சி கல்லூரிகளுக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும் தான் செய்த சோதனையைத் தானே விளக்கும் பயிற்சியை அந்தத் துறையின் ஆசிரியர்தாம் தர முடியும்.

இரண்டாவது, முதல் முயற்சி தமிழில் இருக்க அனுமதி வேண்டும். ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவரை அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பேனாவுக்கு உரிய சலுகை நாவுக்கும் வேண்டும் அன்றோ?

‘நாளை வேலைக்குப் போகும் இடத்தில் தமிழ் செல்லுமா?’ என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் என் தோழியருக்கும் அது கட்டாயம் வேண்டும். நகரத்துப் பள்ளியில் படித்தவரோடு போட்டியிட வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் விளங்காத பொருளைத் தெரியாத மொழியில் சொல்லச் சொன்னால் மனப்பாடம் ஒன்றே வழி. தமிழில் தெளிவாகச் சொன்னதை அடுத்த வாரம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். அப்போது மாணவன் தேட வேண்டியது சொற்களை மட்டுமே. பொருள் அவனிடம் இருக்கும். முதலாம் ஆண்டு தமிழ், இரண்டாம் ஆண்டு இரண்டும், மூன்றாம் ஆண்டு ஆங்கிலம் என்று படிப்படியாக ஏற்றிவிட்டால் ஏறாத மாணவர் இரார்.

மூன்றாவது, மதிப்பெண் எதற்கு என்பதை முன்னரே அறிவிக்க வேண்டும். உச்சரிப்புக்கா, உடைக்கா, ஸ்லைடின் வண்ணத்துக்கா, கேட்டவர்க்கு விளங்கியதற்கா? பேசி முடித்த பின் வகுப்பில் ஒருவரை எழுப்பி, ‘இவர் என்ன செய்தார், சொல்’ என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் பேசியவருக்கு மதிப்பெண் கொடுங்கள். இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. தடுமாறும் மாணவனைக் கண்டு வகுப்பு சிரிக்கும்போது ஆசிரியர் உடன் சிரிக்காதிருந்தால், அதுவே பாதிப் பயிற்சி.

தோழர்களே! நம் பெற்றோர் வாழ்நாளெல்லாம் உழைத்தார்கள். அந்த உழைப்பை எடுத்துச் சொல்ல அவர்களுக்கு அவையும் இல்லை. கேட்க ஆளும் இல்லை. கூலியை நிர்ணயித்தவர்களும் விலையைச் சொன்னவர்களும் வேறு யாரோ. நமக்கு இன்று ஓர் அவை கிடைத்திருக்கிறது. கரும்பலகையும், பத்து நிமிடமும், கேட்கக் காத்திருக்கும் ஐம்பது பேரும் கிடைத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை இரவல் சொற்களால் நிரப்பி வீணாக்கலாமா? கையால் செய்வோம், செய்ததை வாயாரச் சொல்வோம், கேட்கும் கேள்விக்கு நிமிர்ந்து நின்று விடை தருவோம்!